குடம் ஒலித்தாலும் படத்தில் தாத்தாவின் வாய் அசைகிறது: என்ன செய்யலாம்?

அம்பை வாசி:
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வில்லுப்பாட்டுப் புலவராக இருந்தவர். கோயில் கொடை ஒன்றில் அவர் பாடியதைப் பதிந்த ஒலிநாடாவும், ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும் மட்டுமே எங்களிடம் எஞ்சியுள்ளன. வரும் திதிக்குள் அந்தப் படமே பாடுவதுபோல ஒரு காணொளி செய்ய எண்ணி, இரண்டையும் கணினியில் ஏற்றி, ஒலிக்கேற்ப வாயை அசைக்கும் 'வேவ்டுலிப்' நிரலிடம் கொடுத்தேன். குடத்தில் அடி விழும்போதும் தாத்தா வாயைத் திறக்கிறார். பின்பாட்டுக்காரர்கள் போடும் 'ஆமா'வையும் அவரே சொல்கிறார். வாய்ப்பகுதி மட்டும் மங்கலாகவும் இருக்கிறது.

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சி, 2020இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்த நிரலுக்கு மொழியும் தெரியாது, பாடுபவர் யாரென்றும் தெரியாது. ஒலியின் அலைவரிசைப் படத்தைப் பார்த்தே அது உதட்டை வரைகிறது. ஆகவே தாத்தாவின் குரல் மட்டுமுள்ள ஒலிக்கோப்பைத் தனியே உருவாக்கி அதற்குக் கொடுங்கள். 'டெமக்ஸ்' என்னும் இலவச நிரல் உடுக்கையையும் குடத்தையும் பெருமளவு பிரித்துவிடும். ஆனால் பின்பாட்டும் பெண்களின் குலவையும் மனிதக் குரல்களே என்பதால் அவை தங்கிவிடும். அவற்றை ஒலியைத் திருத்தும் 'ஆடாசிட்டி' நிரலில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து நீங்களே மௌனமாக்க வேண்டும். வெட்டி நீக்கிவிடாதீர்கள், நீளம் குறைந்து அதன்பின் வரும் எல்லாம் முன்னே நகர்ந்துவிடும். காணொளி தயாரான பின் அந்த ஒலியை எடுத்துவிட்டு முழுப் பதிவை வைத்தால், கச்சேரி முழுதும் கேட்கும், தாத்தா தம் வரிகளுக்கு மட்டும் வாயசைப்பார்.

மங்கல் உங்கள் ஸ்கேனின் குற்றமன்று. முகத்தை 96க்கு 96 புள்ளிச் சதுரமாகச் சுருக்கி வரைந்து மறுபடி ஒட்டுவதால் அப்படித் தெரிகிறது. முகத்தைச் சட்டகத்தில் சிறிதாக வையுங்கள்.

சாரல்:
வேவ்டுலிப் வாயை மட்டுமே அசைப்பதால் கண்கள் உறைந்து நிற்கும். 2023இல் வந்த 'சாட்டாக்கர்' ஒரே படத்திலிருந்து கண்சிமிட்டலையும் தலையசைவையும் சேர்த்துத் தரும். அசைவு மிகையானால் குறைக்கும் வசதியும் உண்டு. மூடிய வாய்ப் படமென்றால் பற்களை இயந்திரம் கற்பனையாகவே வரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். சரிபார்க்கும்போது பகர, மகரங்களில் உதடுகள் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். ழகர ளகர வேறுபாடு வாய்க்குள்ளேயே நிகழ்வதால் அங்கே பிழை தெரியாது.

அம்பை வாசி:
இருவருக்கும் நன்றி. முதல் 40 விநாடிகளை மட்டும் எடுத்து, ஏழு இடங்களில் 'ஆமா'வையும் ஓரிடத்தில் குலவையையும் மௌனமாக்கிப் பார்த்தேன். குடம் முழங்கும்போது தாத்தா இப்போது வாய்மூடி அமர்ந்திருக்கிறார், மகரத்தில் உதடும் ஒட்டுகிறது. பல்தான் சிக்கல். ஆயுள் முழுதும் வெற்றிலை போட்டவருக்கு இயந்திரம் பளிச்சென்ற வெள்ளைப் பல்வரிசை கொடுத்திருப்பதை ஆச்சி உடனே கண்டுபிடித்துவிட்டார். முகத்தை இன்னும் சிறிதாக்கி, படம் முழுவதற்கும் பழுப்பு நிறம் ஏற்றிப் பார்க்கிறேன்.