சங்கம் உடைந்து மீண்டும் கூடியபோது: உறுப்பினர் அனுபவங்கள்

சென்னை, மென்பொருள் துறை உறுப்பினர்:

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சேவையகங்களில் இயக்க உதவும் திறந்த மூல மென்பொருள் நோட்.ஜேஎஸ். 2014 இறுதியில் அதன் சமூகம் இரண்டாக உடைந்தபோது, அந்த மென்பொருளை நம்பிச் சேவையகங்களை நடத்திவந்த ஒரு சிறு குழுவில் நான் பணியாற்றினேன். 2009-இல் ரயன் டால் உருவாக்கிய அந்த மென்பொருளின் நிர்வாகம் ஜாயென்ட் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. 2013 மார்ச்சில் 0.10 என்ற பதிப்பு வெளியான பிறகு அடுத்த நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரவில்லை என்பதும், இறுதி முடிவு ஒரே நிறுவனத்திடம் குவிந்திருந்தது என்பதும் முக்கியப் பங்களிப்பாளர்கள் பலரைச் சலிப்படையச் செய்தன. அவர்கள் மூல நிரலை எடுத்துக்கொண்டு, ஐஓ.ஜேஎஸ் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனார்கள். எந்தப் பக்கம் சாய்வது என்று எங்கள் அலுவலகத்திலேயே வாக்குவாதம் நடந்தது.

பிரிந்து போனவர்கள் வசைபாடிக்கொண்டிராமல் வேலையைத் தொடங்கியதுதான் என்னைக் கவர்ந்தது. 2015 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள்; தொழில்நுட்பக் குழுவின் கூட்டங்களை எவரும் பார்க்கும்படி நடத்திக் குறிப்புகளையும் வெளியிட்டார்கள். பிப்ரவரியில் நோட்.ஜேஎஸ் நிர்வாகத்துக்கென்று பொது அறக்கட்டளை அமைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தபோதும் உடனே ஓடிவந்து சேர்ந்துவிடவில்லை. விதிமுறைகள் எழுத்தில் வந்து, மே மாதம் தங்களுக்குள் வாக்களித்த பிறகே இணையச் சம்மதித்தார்கள். அந்தத் தாமதத்தைப் பலர் பிடிவாதம் என்றார்கள்; எனக்கு அது நிதானமாகவே பட்டது. செப்டம்பரில் வந்த இணைந்த பதிப்பின் எண் 4.0. நோட்.ஜேஎஸ் அப்போது 0.12-இல்தான் இருந்தது, ஐஓ.ஜேஎஸ் 3-ஐ எட்டிவிட்டதால், திரும்பி வந்தவர்களின் பதிப்பு எண் வரிசையையே தொடர்ந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அதைச் சரிபார்த்தவரின் பெயர் பதிவாகும் என்பதால், நேற்றுவரை எதிரணியில் இருந்தவர் தன் நிரலைப் பொறுமையாகப் படித்து ஒப்புதல் தந்திருப்பதை எழுதியவர் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

மதுரைப் பக்கத்து ஒளிப்படக் கலைஞர்:

எங்கள் சங்கத்தில் நிரல் ஏதும் இல்லை. திருமண ஆர்டர்தான் சண்டைக்குக் காரணம். புதிதாக வந்த இளைஞர்கள் ரேட்டை உடைக்கிறார்கள் என்று மூத்தவர்களும், சந்தாப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவதில்லை என்று இளைஞர்களும் குற்றம் சாட்டிக்கொண்டு, ஒரே ஊரில் இரண்டு சங்கங்களாக நின்றோம். பெரியவர்களை வைத்து நடத்திய சமாதானக் கூட்டத்துக்கு இரு தரப்பும் பழைய குறைகளின் பட்டியலோடு வந்ததால், புறப்பட்டபோது முன்பைவிட அதிகக் கோபத்தில் இருந்தோம்.

வழி பிறந்தது முகூர்த்த நாள் நெருக்கடியில்தான். ஒரே நாளில் இரண்டு ஆர்டர் வந்தால் ஒன்றை வேறொருவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஆனால் ஒப்படைத்தால் வாடிக்கையாளரையே கொண்டுபோய்விடுவார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே மாற்று ஆளாகப் போகிறவர் அந்த மண்டபத்தில் தம் விசிட்டிங் கார்டை நீட்டக் கூடாது, கூலி அதே வாரத்தில் தீர்க்கப்பட வேண்டும், இரண்டும் பொது நோட்டில் எழுதப்பட வேண்டும் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டோம். அந்த நோட்டு கலர் லேப் மேசையில் கிடக்கும். எவரும் புரட்டிப் பார்க்கலாம். மாதாந்திர வரவு செலவையும் அங்கேயே ஒட்டத் தொடங்கினோம். அடுத்த ஆடி மாதத்துக்குள் சங்கங்கள் ஒன்றாகிவிட்டன.

சென்னை உறுப்பினர்:

ஐயா, நிர்வாகிகள் மாறினால் அந்த நோட்டு நிலைக்குமா?

மதுரைப் பக்கத்து ஒளிப்படக் கலைஞர்:

அதற்காகவே, செயலாளர் ஒரு தரப்பிலிருந்து வந்தால் பொருளாளர் மறு தரப்பிலிருந்து வர வேண்டும் என்று துணைவிதியில் சேர்த்துவிட்டோம், தம்பி. மற்றபடி எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். ஆல்பத்துக்குக் குறைந்தபட்ச விலை வைப்பதா வேண்டாமா என்பதில் இன்றும் பிணக்கு இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் முதல் பொருளே அதுதான்.