ஊட்டிக் குளிரில் குழலின் சுருதி எவ்வளவு இறங்கும்?

கேள்வி: கோவையில் சுருதிப்பெட்டியோடு அச்சாகச் சேரும் 5 கட்டைப் (கட்டை என்பது சுருதியின் அளவு) புல்லாங்குழல், ஊட்டியில் ராத்திரிக் கச்சேரி என்றால் இறங்கியே பேசுகிறது. மலை உயரம்தான் காரணமா? கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

பதில்: உயரம் இல்லை. காற்றழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைவதால் ஒலியின் வேகம் மாறாது. குளிர்தான் காரணம். வேகம் = 331 + (0.6 × வெப்பநிலை). 30 டிகிரியில் நொடிக்கு 349 மீட்டர், 10 டிகிரியில் 337. 5 கட்டை என்பது 392 ஹெர்ட்ஸ். குழலின் நீளம் அதேதான், ஆகவே 392 × 337 ÷ 349 = 378.5 ஹெர்ட்ஸ். நாலரைக் கட்டை 370. இரண்டுக்கும் நடுவே நிற்பதால் எதிலும் ஒட்டாது.

பதில்: கணக்கு சரி சார். ஆனால் மூச்சுக்காற்றின் சூட்டால் இறக்கம் இதைவிடக் குறையும், வாசிக்க வாசிக்க ஏறும். ஆறிக் கிடக்கும் குழலில் சுருதி பார்க்கவே கூடாது. பத்து நிமிஷம் ஊதிவிட்டு, பெட்டியைக் குழலுக்கு இறக்குங்க. உதட்டைத் திருப்பி ஏற்றப் பார்த்தால் மேல் ஸ்தாயி பிசிறும். தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) நடக்கும்போது குழலைத் துண்டில் சுற்றி மடியில் வைங்க.

பதில்: வயலினை மறந்துடாதீங்க. எஃகுத் தந்தி குளிரில் சுருங்கி ஏறும். மிருதங்கத் தோலோ பனி ஈரத்தில் தளர்ந்து இறங்கும். முதலில் குழல், அப்புறம் பெட்டி, கடைசியில்தான் இவை இரண்டும்.