சைலோ (பொடி, தானியம் கொட்டி வைக்கிற உயரமான தொட்டி) உள்ள சரக்கு எவ்வளவு இருக்குன்னு லெவல் பாக்குறதுல உங்க அனுபவம் என்ன? சொல்லுங்க

நவி மும்பை தலோஜா பக்கம் ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) பிளான்ட்ல மெயின்டெனன்ஸ் பாக்குறேன். எங்க ஃப்ளை ஆஷ் (நிலக்கரி சாம்பல்) சைலோல முன்னாடி அல்ட்ராசோனிக் சென்சார் போட்டிருந்தாங்க, பல்கர் லாரி சாம்பல காத்தடிச்சு சைலோக்குள்ள காலி பண்ண ஆரம்பிச்சா போதும், ஸ்கிரீன்ல நம்பர் குதிக்கும் இல்லன்னா அப்படியே நின்னுரும். சத்தம் போய் மோதி திரும்பி வர்ற நேரத்த வச்சுதான அது தூரம் கணக்கு போடுது, உள்ள புழுதி பறக்குறப்ப சத்தம் பாதியிலயே அடங்கிடும், காத்து அடிக்கிற இரைச்சல் வேற. எப்ப லெவல் தெரியணுமோ அப்பதான் கைய விரிக்கும். அப்பல்லாம் ஆளுங்க சுத்தியால தட்டிப் பாப்பாங்க, டங்குன்னா காலி, டொப்புன்னா சரக்கு இருக்கு, அடிச்சு அடிச்சு தகடு பூரா குழி.

இப்ப 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார், சத்தத்துக்கு பதிலா ரேடியோ அலை அனுப்பி அளக்குது. பீம் 4 டிகிரி அளவுதான், செவுத்துல படாம நேரா கீழ போகுது, புழுதியும் பெருசா தொந்தரவு பண்ணல. ஆனா மும்பை மழையில ஆன்டெனால ஈரம் கோத்து அது மேல பொடி கெட்டியா ஒட்டிக்கும், அத காத்தால ஊதித் தள்ள ஏர் பர்ஜ் லைன் குடுத்தப்புறம்தான் நிம்மதி.

—

அண்ணே, ரேடார் சரி, எங்க மாட்டியிருக்கீங்க? இதுதான் முக்கியம். நான் இருக்குறது பிவண்டி பக்கம் கோதுமை சைலோ. சரக்கு கொட்டுனா நடுவுல குவியும், கீழ எடுத்தா நடுவுல குழியும். 3 மீட்டர் விட்டம், 30 டிகிரி சரிவுன்னு வைங்க, ஓரத்த விட உச்சி கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் ஒசரம். நடுப்புள்ளிய அளந்தா ஸ்டாக் 4 கன மீட்டர் கூட காட்டும், கோதுமைக்கு அது 3 டன்! செவுத்துல இருந்து விட்டத்துல ஆறுல ஒரு பங்கு தள்ளி, அதாவது இங்க 50 சென்டிமீட்டர் தள்ளி மாட்டுனா குவிஞ்சாலும் குழிஞ்சாலும் சராசரி ஒசரம் கிட்ட வரும், அதுவும் நடுவுல கொட்டி நடுவுலயே எடுத்தாதான். எங்க பிளான்ட்ல இத மாத்துனப்புறம்தான் ஸ்டோர் கணக்கோட சண்டை ஓஞ்சுது.

—

ஒரு விஷயம் தம்பிகளா. கீழ சரக்கு போயிட்டே இருக்கு, மேல ரீடிங் அசையவே இல்லன்னா சென்சார சந்தேகப்படுறதுக்கு முன்னாடி சரக்க சந்தேகப்படுங்க. சரக்கு கட்டியாகி மேல பாலம் மாதிரி நிக்கும், அடியில வெறும் பள்ளம். எங்க சைட்ல ஒரு பையன் கட்டிய குத்தி விடுறேன்னு மேன்ஹோல்ல காலே வச்சுட்டான், சட்டையப் புடிச்சு இழுத்தோம், இன்னிக்கு நெனச்சாலும் பதறுது. தயவுசெஞ்சு யாரும் உள்ள எறங்காதீங்க, வெளிய இருந்தே ஏர் அடிச்சு விடுங்க.