கோபம் வந்தால் தம்பியைக் கடிக்கிறாள்

கேள்வி: மகளுக்கு 3 வயது. அவள் அடுக்கிய கோபுரத்தைத் தம்பி தட்டிவிட்டால் போதும், முகம் சிவந்து அவன் கையைக் கடித்துவிடுகிறாள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: என் மகனும் இப்படித்தான் இருந்தான். அந்த நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது. கோபத்தை அடக்கும் மூளைப் பகுதி இந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மெல்லப் பிடித்துத் தடுத்து, "கோபுரம் விழுந்ததில் உனக்குக் கோபம். ஆனால் கடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அழுது முடிக்கட்டும். அப்புறம், சிரித்து விளையாடும் நேரத்தில், பொம்மையை வைத்து "எனக்குக் கோபம்!" என்று சொல்லப் பழக்குங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. ஒருநாள் காலால் தரையை உதைத்து, "கோபம்! கோபம்!" என்று கத்தினான். யாரையும் கடிக்கவில்லை. அள்ளி அணைத்துக்கொண்டேன்.

இன்னொரு பதில்: பசியோ தூக்கமோ வரும் நேரத்தில்தான் அதிகமா என்று கவனியுங்கள்.

கேட்டவர்: ஆமாம், சாயங்காலம்தான் அதிகம். சரி, இன்றைக்கே பொம்மையோடு ஆரம்பிக்கிறேன்.