மூன்று நாள் வண்டிக் கணக்கிலிருந்து வருடச் சராசரி எடுக்க முடியுமா?

நீடா_சிவில்:
எம்.இ. முதல் வருஷம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமச் சாலையில் பிப்ரவரி இரண்டாம் வாரம் செவ்வாய், புதன், வியாழன், காலை 6 முதல் மாலை 6 வரை ஆள் வைத்து எண்ணினோம். வேறு டேட்டா கிடையாது. ஏ.ஏ.டி.டி. (வருஷம் முழுக்கச் சராசரியாக ஒரு நாளைக்கு ஓடும் வண்டி எண்ணிக்கை) வேண்டும். சராசரியை அப்படியே போட்டால் டிராக்டர் எக்கச்சக்கமாக வருகிறது, கைடு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

ரோடு_எஸ்டிமேட்:
கைடு சொல்வது நியாயம்தான். பிப்ரவரியில் சம்பா, தாளடி அறுவடை. கொள்முதல் நிலையத்துக்குப் போகிற டிரெய்லர் பூராவும் உங்கள் தாளில் ஏறியிருக்கும். இதற்காகத்தான் ஐ.ஆர்.சி. 9 (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வண்டிக் கணக்கெடுப்பு வழிகாட்டி), வருஷத்துக்கு இரண்டு தடவை எண்ணச் சொல்கிறது: அறுவடையில் ஒன்று, மந்தமான காலத்தில் ஒன்று, ஒவ்வொன்றும் ஏழு நாள், 24 மணி நேரமும்.

மொத்தத்துக்கு ஒரே பாக்டர் போடாதீர்கள், வகைவகையாகப் பிரியுங்கள். பஸ்ஸுக்கு டைம்டேபிளே போதும். டிராக்டரில்தான் விஷயம். அறுவடையில் தினம் 180, மற்ற நாளில் 20, அறுவடை 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். (180×60 + 20×305) ÷ 365 = சுமார் 46. நேராக 180 போட்டால் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஐ.ஆர்.சி. 64-இல் டிரெய்லர் மாட்டிய டிராக்டருக்கு பி.சி.யு. (ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்கிற எண்) 4.5, ஆக அந்தத் தப்பு இன்னும் பெரிதாகிவிடும்.

வெண்ணாற்றுக்காரன்:
ராத்திரியை விட்டுவிட்டீர்களே தம்பி. எங்கள் ஊரில் குடோனுக்கு மூட்டை ஏற்றும் லாரி பொழுது சாய்ந்துதான் கிளம்பும். ஒரு நாளாவது 24 மணி நேரம் எண்ணி, அதில் பகல் 12 மணி நேரத்தின் பங்கு எவ்வளவு என்று வகைவாரியாகப் பாருங்கள். சனி, ஞாயிறும் வேண்டும்.

நீடா_சிவில்:
நன்றி சார். மாத வித்தியாசத்துக்கு பங்க்கில் டீசல் விற்பனை வாங்கிப் போடலாமா?

ரோடு_எஸ்டிமேட்:
கார், டூவீலருக்கு பெட்ரோல் விற்பனை சரி. வருடச் சராசரி மாத விற்பனையை பிப்ரவரி விற்பனையால் வகுத்து, உங்கள் எண்ணிக்கையோடு பெருக்குங்கள். பங்க்கில் லிட்டர் சொல்லத் தயங்குவார்கள். விகிதம் போதும் என்று கேளுங்கள். டீசலை இங்கே நம்ப மாட்டேன். கதிர் அறுக்கும் மெஷினுக்குக் கேனில் வாங்கிப் போவதெல்லாம் அதில் சேர்ந்துவிடும், அது ரோட்டில் ஓடின டீசல் இல்லை. டிராக்டருக்குக் கொள்முதல் நிலையம் திறந்த தேதி, மூடிய தேதி கேளுங்கள். அறுவடை எத்தனை நாள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நீடா_சிவில்:
மந்த காலக் கணக்கு மே மாதம் எடுக்கலாமா?

வெண்ணாற்றுக்காரன்:
மே மாதம் பள்ளிக்கூட வேன் ஓடாது, கல்யாண வண்டி நிறைய. ஜூலைக் கடைசி பாருங்கள்: பள்ளி திறந்திருக்கும், குறுவை இன்னும் வயலில் நிற்கும், ஆடியில் முகூர்த்தமும் இல்லை. பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு மட்டும் ஆளை நிறுத்தாதீர்கள்.