தனி ஜெபமா, வீட்டுக்கூட்டமா?

பீடோக் வாசி:
இங்கே சிங்கப்பூரில் எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் ஒருவர் இருபது நிமிடம் சத்தமாக ஜெபிக்கிறார். பாதி தேவனுக்கு, மீதி பக்கத்தில் இருப்பவர்களுக்கு. பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்கூட ஸ்தோத்திரத்துக்குள் வந்துவிடுகிறது! மத்தேயு 6-இல் இயேசு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னது இதற்காகத்தான். யாரும் கேட்காத இடத்தில் ஜெபிக்காதவர் கூட்டத்தில் என்ன ஜெபித்தாலும் அது வெறும் பேச்சு.

ஈசூன் அக்கா:
பூட்ட அறை வேண்டுமே தம்பி. மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மாமியார், பிள்ளைகள் எல்லாரோடும் இருக்கிறவள் எங்கே போவாள்? ஊழியர் விடுதியில் ஒரே அறையில் பத்துப் பேரோடு படுக்கிற தம்பிமார்? பேதுரு சிறையில் இருந்தபோது சபையார் மாற்குவின் தாயார் மரியாள் வீட்டில் கூடித்தானே ஜெபித்தார்கள்?

பீடோக் வாசி:
இயேசுவுக்கே சொந்த அறை கிடையாது அக்கா. இருட்டோடு எழுந்து ஆளில்லாத இடத்துக்குப் போனார் (மாற்கு 1:35). அன்னாள் சீலோவில், ஆசாரியன் ஏலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெபித்தாள். உதடு மட்டும் அசைந்தது. குடித்திருக்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். அது தனி ஜெபம் இல்லையா? எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டும் செய்யலாம். கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தை மட்டும் வைத்து வண்டி ஓட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

செங்காங் செபமாலை:
கத்தோலிக்கன் நடுவில் நுழையலாமா? நொவீனா ஆலயத்தில் சனிக்கிழமை நவநாள் வழிபாட்டுக்கு மக்கள் தங்கள் வேண்டுதலைக் கடிதமாக எழுதிப் போடுவார்கள். சிலவற்றைச் சபை நடுவில் வாசிப்பார்கள். தனியாக அழுது எழுதியதற்கு அத்தனை பேரும் சேர்ந்து செபிக்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

ஈசூன் அக்கா:
நல்ல கேள்வி. 2020-இல் கொரோனாவுக்காக சர்க்யூட் பிரேக்கர் முடக்கம் வந்து ஆலயங்களை மூடினார்கள். தனி ஜெபத்துக்கு அதைவிட வசதி உண்டா? எங்கள் குழுவில் பலர் முதலில் விட்டது தனி ஜெபத்தைத்தான். ஸூமில் கூடிய பிறகுதான் சிலருக்குத் திரும்ப வாய் வந்தது. துக்கத்தில் இருப்பவருக்காக வேறொருவர்தான் ஜெபிக்க வேண்டியிருக்கிறது.
அப்புறம், லூக்கா 18-ஐ எடுத்துப் பாருங்கள். இயேசு சொன்ன கதையில், தன்னையே மெச்சிக்கொண்ட அந்தப் பரிசேயன் "தனக்குள்ளே" ஜெபித்தான் என்றுதான் எழுதியிருக்கிறது. சத்தம் போடவில்லை. அவன் தப்பு, தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, அளந்தது. இருபது நிமிடமும் ஒருவரை அளந்துகொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தால்?

பீடோக் வாசி:
குத்திவிட்டீர்கள், ஆனாலும் விடமாட்டேன். அவன் நின்றது ஆலயத்தில், ஒப்பிட ஆள் இருந்த இடத்தில். துக்கத்தில் மற்றவர்கள் தாங்குவது சரி. வருடக்கணக்கில் அப்படியே வந்தால்? தேவனிடம் சொந்தமாகப் பேச ஒன்றுமே இல்லாமல் போய்விடாதா?

ஈசூன் அக்கா:
போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் தனியாகப் போனாலும் ஒப்பிட ஆளை மனசுக்குள் கூட்டிக்கொண்டு போகலாம் தம்பி. சரி, அந்த இருபது நிமிடத்தைப் பற்றிக் கூட்டம் நடத்துகிறவரிடம் பேசினீர்களா, இல்லை எங்களிடம் மட்டும்தானா?