அகின்ஃபென்வா 20 வருஷமா லோயர் லீக்லயே ஆடினாரே, இத நல்ல கெரியர்னு சொல்லலாமா?

பெஞ்ச்சுல_17:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு போற ஆளு நான், இப்பதான் மொத கேள்வி போடுறேன், மொக்கையா இருந்தா மன்னிச்சிருங்க. ஃபிஃபா கேம்லதான் அடேபாயோ அகின்ஃபென்வாவ எனக்கு தெரியும், பலம்னு ஒரு நம்பர் இருக்கும்ல அதுல எப்பவும் மொத ஆளா நிப்பாரே, கிட்டத்தட்ட 100 கிலோ, அவருதான். நேத்து சும்மா அவரோட கிளப் லிஸ்ட்ட எடுத்து பாத்தேன், தலை சுத்திடுச்சு. 2003-04 ஒரே சீசன்ல பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன், டான்காஸ்டர்னு நாலு கிளப். அதுக்கப்புறமும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மூட்டைய கட்டிருக்காரு. பிரீமியர் லீக்ல ஒரு நிமிஷம் கூட ஆடல.

என் ஃப்ரெண்டு சொல்றான், 25 வயசுக்குள்ள மேல போகலன்னா அவ்ளோதான் அந்த ஆளு ஃபெயில்யூர்னு. எனக்கு அப்படி தோணல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. இந்த மாதிரி ஆளுங்க பொழப்பு எப்படித்தான் ஓடுது? காண்ட்ராக்ட், சம்பளம் எல்லாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூணாம்_டிவிஷன்:
நல்ல கேள்விதான் தம்பி, மொக்கைன்னு நீங்களே ஏன் சொல்லிக்கிறீங்க.

மொதல்ல உங்க ஃப்ரெண்டுகிட்ட ஒரு கணக்கு சொல்லுங்க. பிரீமியர் லீக்ல 20 கிளப். அதுக்கு கீழ சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொண்ணுலயும் 24, ஆக 72 கிளப். அதுக்கும் கீழ நேஷனல் லீக், அதுக்கும் கீழ இன்னும் என்னென்னவோ. 16 வயசுல ஒரு கிளப்போட ஸ்காலர்ஷிப் கிடைக்கிற பசங்கள்ல பாதிக்கு மேல புரொஃபஷனலாவே ஆகுறதில்ல. அந்த சல்லடையில தப்பிச்சு 40 வயசு வரைக்கும் ஆட்டத்துலயே சோறு சாப்பிட்டவர ஃபெயில்யூர்னு சொன்னா நாமல்லாம் எந்த லிஸ்ட்ல வருவோம்?

இப்ப அகின்ஃபென்வா கதைக்கு வரேன். லண்டன் இஸ்லிங்டன்ல பொறந்தவரு, ஆனா கெரியர ஆரம்பிச்சது லித்துவேனியாவுல, 2001ல அட்லான்டாஸ்னு ஒரு கிளப். 19 வயசுப் பையன், சொந்த ஊர விட்டு அவ்ளோ தூரம் போயி, ஸ்டேடியத்துல நிறத்த வச்சு கத்துறத கேட்டுகிட்டே ஆடிருக்காரு. அதே வருஷம் அந்த நாட்டு கப் ஃபைனல்ல ஆட்டத்தோட ஒரே கோல் இவரு போட்டது. அங்கிருந்து வேல்ஸ்ல பேரி டவுன், அங்க பணப் பிரச்சன, அதனாலதான் நீங்க பாத்த அந்த நாலு கிளப் சீசன். அது யாரும் வேணாம்னு தொரத்தினதுன்னு எடுத்துக்காதீங்க, கிளப் இல்லாத ஆளா இருந்தா டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடினப்புறமும் சேர்த்துக்கலாம், அதனால ஸ்ட்ரைக்கருக்கு காயம்னா ஒரு மாசம் ரெண்டு மாசம்னு கூப்பிடுவாங்க, முடிஞ்சதும் கை குடுத்து அனுப்பிருவாங்க, இவரும் எங்கடா கூப்பிடுறாங்கன்னு பாத்துட்டே இருக்க வேண்டியதுதான், தினக்கூலி மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

டார்க்கி, அப்புறம் ஸ்வான்ஸீ. அப்ப வெம்ப்ளிய இடிச்சு கட்டிட்டு இருந்தாங்க, அதனால ஃபைனல் எல்லாம் கார்டிஃப்ல. 2006 ஏப்ரல்ல லீக் டிராஃபி ஃபைனல், கார்லைலுக்கு எதிரா ஜெயிச்ச கோல் இவரு போட்டாரு. ரெண்டு மாசம் கூட ஆகல, மே மாசம் அதே ஸ்டேடியம், லீக் ஒன் ப்ளே-ஆஃப் ஃபைனல் (ஜெயிச்சா மேல் டிவிஷனுக்கு ஏறலாம்), பார்ன்ஸ்லியோட பெனால்டி வரைக்கும் போச்சு, இவரு அடிச்சது பாருக்கு மேல பறந்துடுச்சு. ஸ்வான்ஸீ தோத்துச்சு. அடுத்த சீசன் கால் முறிஞ்சுது. அதுக்கப்புறம் மில்வால்ல கொஞ்ச நாள், 2008ல நார்த்தாம்டன், அப்புறம் கில்லிங்கம், திரும்ப நார்த்தாம்டன், திரும்ப கில்லிங்கம். நடுவுல 2013ல நார்த்தாம்டனோட வெம்ப்ளி போயி பிராட்ஃபோர்டுகிட்ட 3-0 அடி வாங்கினதும் உண்டு.

2014ல ஏஎஃப்சி விம்பிள்டன். இந்த கிளப் கதையே தனி, பழைய விம்பிள்டன மில்டன் கீன்ஸுக்கு தூக்கிட்டு போக 2002ல அனுமதி கிடைச்சதும் ரசிகருங்களே அதே வருஷம் புதுசா ஆரம்பிச்சது. 2015 ஜனவரி எஃப்ஏ கப்ல லிவர்பூல் இவங்க ஊருக்கு வருது. அகின்ஃபென்வா சின்ன வயசுலருந்து லிவர்பூல் ரசிகரு! லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் ரெண்டு போட்டு 2-1னு லிவர்பூல் ஜெயிச்சுது, ஆனா விம்பிள்டனோட அந்த ஒண்ணு யாரு போட்டதுன்னு நான் சொல்லணுமா.

மே_மாச_லிஸ்ட்:
மேல அண்ணன் ஆட்டத்த சொல்லிட்டாரு, நான் காகிதத்த சொல்றேன். இங்கிலாந்துல பிளேயர் காண்ட்ராக்ட் பெரும்பாலும் ஜூன் 30ல முடியும். மே மாசம் சீசன் முடிஞ்சதும் ஒவ்வொரு கிளப்பும் ஒரு லிஸ்ட் போடும், யார வச்சுக்கிறோம் யாருக்கு கல்தான்னு. லீக் டூவுல நிறைய பேருக்கு ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்தான், அதனால வருஷா வருஷம் ஒரு பெரிய கூட்டமே அந்த லிஸ்ட்ட பாத்துட்டு உக்காந்திருக்கும். பேரு இல்லன்னா ஜூலைக்குள்ள வேற கிளப், இல்லன்னா டிரையல், அதுவும் இல்லன்னா நான்-லீக்ல (அந்த 92 கிளப்புக்கும் கீழ இருக்கிற டிவிஷன்ல) பார்ட் டைம். வாடகை வீடு, புள்ளைங்க ஸ்கூல் எல்லாம் இது கூடவே ஆடும். நெறைய பேரு குடும்பத்த ஒரே ஊர்ல வச்சிட்டு தான் மட்டும் கார்ல மணிக்கணக்கா போயிட்டு வருவாங்க.

சம்பளம்: டிவில பாக்குற வாரம் லட்சம் பவுண்டு கதை எல்லாம் இங்க கிடையாது. 2020 ஆகஸ்ட்ல லீக் டூ கிளப் எல்லாம் சேர்ந்து, ஒரு வருஷத்துக்கு மொத்த டீமுக்கும் 15 லட்சம் பவுண்டுக்கு மேல சம்பளம் போகக்கூடாதுன்னு ஓட்டு போட்டாங்க, லீக் ஒன்ல 25 லட்சம். 25 பேருன்னு வச்சு வகுத்தா லீக் டூவுல தலைக்கு வருஷம் 60,000. மோசமில்ல, நான் ஒத்துக்கறேன், ஆனா மேல ஒரே ஒரு பெரிய ஸ்டாரு ரெண்டு மாசத்துல அந்த 15 லட்சத்த வாங்கிட்டு போயிடுவாரு, இவங்களுக்கு 35 வயசுல வருமானம் நின்னுரும். பிளேயர்ஸ் யூனியன் கேஸ் போட்டு 2021 பிப்ரவரில அந்த ரூல தூக்கிட்டாங்க, அது வேற விஷயம்.

கிளப்பே கவுந்தா இன்னும் மோசம். 2019 ஆகஸ்ட்ல பரி கிளப்ப லீக்ல இருந்தே தூக்கினாங்க, 1885லருந்து இருந்த கிளப். மறு வருஷம் மேக்கிள்ஸ்ஃபீல்ட கோர்ட்டுல இழுத்து மூடினாங்க, அதுக்கு முன்னாடி பிளேயருங்களுக்கு சம்பளமே ஒழுங்கா வரல.

ஆஃப்சைட்_கொடி:
எல்லாரும் சினிமா கிளைமாக்ஸ் மாதிரி பேசுறீங்க, ஒருத்தன் குறுக்க பேசித்தான் ஆகணும். அகின்ஃபென்வா தப்பிச்ச ஆளு. அவருக்கு அந்த உடம்பு, அந்த வாய், கேம்ல வந்த பேரு, சொந்தமா துணி பிராண்டு வேற. இதெல்லாம் இல்லாதவன் கதைய யாரு சொல்றது?

ஜிம்மி கிளாஸ எடுத்துக்கங்க. கோல் கீப்பரு. 1998ல போர்ன்மவுத்துக்காக வெம்ப்ளில ஃபைனல் ஆடி, ஓன் கோல் போட்டு, கிரிம்ஸ்பிகிட்ட தோத்தாரு. 1999ல ஸ்விண்டன்ல சான்ஸ் இல்லாம கார்லைலுக்கு லோன்ல (கொஞ்ச நாளைக்கு கடனா) போறாரு, மொத்தமே மூணு மேட்ச். மே 8, கடைசி மேட்ச், பிளைமவுத்தோட 1-1. அப்படியே முடிஞ்சா கார்லைல் லீக்லருந்தே வெளிய, ஏன்னா அப்ப கடைசி ஒரு டீம் நேரா கீழ போகும். கார்லைலோட சேர்ந்து கடைசி இடத்துலருந்து தப்பிக்கப் பாத்த ஸ்கார்பரோ அவங்க ஊர்ல டிரா பண்ணிட்டு, தப்பிச்சோம்னு கிரவுண்டுலயே நின்னு கொண்டாட ரெடியா இருக்காங்க. இஞ்சுரி டைம் முடியப்போகுது, கார்னர், கீப்பரு இங்கருந்து அங்க ஓடுறாரு, ஹெட்டர எதிர் கீப்பரு தட்டுறாரு, பந்து கிளாஸ் கால்ல வந்து விழுது, உள்ள. கார்லைல் நின்னுச்சு, ஸ்கார்பரோ போச்சு, 2007ல அந்த கிளப்பே இல்லாம போச்சு.

சரி, இவ்ளோ பண்ண ஆளுக்கு என்ன ஆச்சு? அடுத்த சீசன் கார்லைல்ல அவரு இல்ல. 30 வயசுக்கு முன்னாடியே ஆட்டம் முடிஞ்சு, பின்னாடி டாக்ஸி ஓட்டினாரு. டாக்ஸி ஓட்டுறத கேவலமா சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஊரே கையெடுத்து கும்பிடுற கோல் போட்டாலும் அடுத்த வருஷ வீட்டு வாடகைக்கு அது உதவாதுங்கறத சொல்றேன். இதுல அந்த கோல் விழுந்த கேம்ல இருந்ததும் பிளைமவுத்துதான், எப்பப்பாரு எவனோ ஒருத்தன் கதையில இவங்கதான் மாட்டுறாங்க, கீழ யாராவது 2016 பத்தி எழுதுவாங்க பாருங்க.

பெஞ்ச்சுல_17:
அய்யோ இவ்ளோ எழுதுவீங்கன்னு நினைக்கல, நன்றி எல்லாருக்கும். அப்ப ரிக்கி லாம்பர்ட் மாதிரி ஆளுங்க? அவரு கீழருந்து மேல போனாருல்ல?

மே_மாச_லிஸ்ட்:
போனாரு. 15 வயசுல லிவர்பூல் கழட்டி விட்டுச்சு, ஒரு காலத்துல பீட்ரூட் ஃபேக்டரில பாட்டிலுக்கு மூடி போட்டுட்டு இருந்தாரு, மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ்னு ஏறி 2009ல சவுத்தாம்டன் எடுத்தப்ப அவங்களே லீக் ஒன்லதான் இருந்தாங்க. 2013 ஆகஸ்ட்ல 31 வயசுல இங்கிலாந்துக்கு மொத மேட்ச், ஸ்காட்லாந்துக்கு எதிரா, மொத டச்சே கோல். பின்னாடி இங்கிலாந்துக்கு ஆடின ஜேமி வார்டியும் அப்படித்தான், ஸ்டாக்ஸ்பிரிட்ஜ்ல வாரத்துக்கு 30 பவுண்டு வாங்கிட்டு இருந்தவரு. ஆனா இவங்க ரெண்டு பேரையும் சொல்லிச் சொல்லியே மத்தவங்கள நாம மறந்துடுறோம். டோனி ஃபோர்டுன்னு ஒருத்தரு, 1975லருந்து 2001 வரைக்கும் ஆடி 931 லீக் மேட்ச், கீப்பருங்கள விட்டுட்டு பாத்தா இங்கிலாந்துல யாரும் அவ்ளோ ஆடினதில்ல. எத்தன பேருக்கு இவரத் தெரியும்?

மூணாம்_டிவிஷன்:
கொடி சொல்றது நியாயம்தான், கிளாஸ் விஷயத்துல நான் மறுக்கல. ஆனா 2016ன்னு சொல்லி இழுத்துட்டீங்க, எழுதாம விட மாட்டேன்.

மே 30, வெம்ப்ளி, லீக் டூ ப்ளே-ஆஃப் ஃபைனல், விம்பிள்டன் 1-0 முன்னாடி, எதிர்ல (ஆமா) பிளைமவுத். அகின்ஃபென்வா சப்ஸ்டிட்யூட்டா இறங்கிருக்காரு, காண்ட்ராக்ட் முடியுது, புதுசா எதுவும் இல்ல, அன்னைக்குதான் அந்த கிளப்புல கடைசி நாள்னு அவருக்கே தெரியும். இஞ்சுரி டைம்லயும் கடைசில ஒரு பெனால்டி. பந்து வேற டீம்மேட் கையில இருக்கு, அவன்தான் அடிக்கணும்னு பேச்சு. ரெண்டு பேருக்கும் வாக்குவாதம், இவரு விடவே இல்ல, வாங்கிட்டாரு. சரியா பத்து வருஷம் முன்னாடி இதே மாதிரி மே மாசம், இதே மாதிரி ஃபைனல்ல பாருக்கு மேல அடிச்ச ஆளு. உள்ள போட்டாரு, 2-0. மேட்ச் முடிஞ்சு டிவி மைக்குல நின்னு, எனக்கு இப்ப வேலை இல்ல, மேனேஜர் யாராவது இருந்தா வாட்ஸாப்புல கூப்பிடுங்கன்னு சிரிச்சிட்டே சொன்னாரு. நாடே சிரிச்சுது. ஆனா யோசிச்சு பாருங்க, 34 வயசு, ஜூன் 30க்கு ஒரு மாசம்தான் இருக்கு, மே மாச லிஸ்ட் சொன்னாரே அதே நிலமதான், இவரு அத ஜோக்கா சொன்னாரு அவ்ளோதான்.

விக்கம்ப் கூப்பிட்டாங்க. 2018ல லீக் ஒன்னுக்கு ஏறினாங்க. 2020ல கோவிட்ல சீசன் நின்னப்ப எட்டாவது இடத்துல இருந்த டீமு, மேட்சுக்கு எத்தன பாயின்ட்னு ஆவரேஜ் கணக்குல மூணாவதா வந்து, ஆள் இல்லாத வெம்ப்ளில ஆக்ஸ்ஃபோர்ட 2-1 ஜெயிச்சு, கிளப் வரலாத்துலயே மொத தடவ சாம்பியன்ஷிப். அப்ப லிவர்பூல் மேனேஜரா இருந்த யூர்கன் கிளாப் இவருக்கு வீடியோ மெசேஜ் அனுப்பினாரு, வாட்ஸாப்புல தான்! ஒரே சீசன்ல திரும்ப கீழ வந்துட்டாங்க, அதுவும் ஒரே ஒரு பாயின்ட்ல. 2022 மே மாசம் சண்டர்லேண்டுகிட்ட லீக் ஒன் ப்ளே-ஆஃப் ஃபைனல்ல தோத்துட்டு 40 வயசுல ஷூவ கழட்டினாரு.

ஆஃப்சைட்_கொடி:
சரி சரி, அழ வச்சிருவீங்க போல. பெனால்டிய பிடுங்கினது தப்புதான்னு இப்பவும் சொல்வேன்.

பெஞ்ச்சுல_17:
2006, 2016 ரெண்டு பெனால்டியையும் அடுத்தடுத்து போட்டு பாத்தேன். ஃப்ரெண்டுக்கும் அனுப்பிட்டேன், இன்னும் ரிப்ளை இல்ல. இப்ப கேம்ல ராச்டேலோட புதுசா கெரியர் ஆரம்பிச்சிருக்கேன், ஒரு வருஷ காண்ட்ராக்ட்தான் குடுக்குறாங்க. கையெழுத்து போட்டுட்டேன்.